வாசிப்பதும் கூட்டாக, மறுப்பதும் கூட்டாக!

(கள்ளக்குறிச்சியில் நடைபெற்ற கலைக்குழுத் தோழர்களின் பயிற்சி முகாமில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)

தோழர்களே!

மூங்கில்துறைப்பட்டிலிருந்தும் கச்சிராயபாளையத்திலிருந்தும் வந்திருக்கும் சர்க்கரை ஆலைத் தோழர்களே! நெல் அரவை மில் தோழர்களே! பகலெல்லாம் நடவிலும் கரும்பு வெட்டிலும் நின்றுவிட்டு, களைப்பைப் பாராமல் வந்து உட்கார்ந்திருக்கும் விவசாயத் தொழிலாளித் தாய்மார்களே, சகோதரர்களே! கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் தோழர்களே!

நமது கலைக்குழு அடுத்த மாதம் முதல் முறையாக ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழையப் போகிறது. நடவுப் பாட்டு, மலைப் பாட்டு, மே தினப் பாட்டு என்று எட்டுப் பாட்டுக்களைப் பதிவு செய்யப் போகிறோம். பாட்டை எப்படிப் பாடுவது என்று உங்களுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கூடத்துக்குள் போகுமுன் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன. யார் யார் பெயரைப் போடுவது? வருகிற பணத்தை எப்படிப் பங்கிடுவது? பாட்டுக்கு எவ்வளவு, பறைக்கு எவ்வளவு? இதைப் பற்றி நமக்குள்ளேயே முணுமுணுப்புக் கிளம்பியிருக்கிறது. முணுமுணுப்பு நல்லதல்ல, பேசித் தீர்ப்பதே நல்லது. அதற்காகத்தான் 'ஜாஸ்' என்னும் இசையையும், அதை வாசித்த தொழிலாளிகளின் அனுபவத்தையும் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அமெரிக்காக்காரன் சங்கீதம் நமக்கு எதற்கு?

காலையில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்: "ஏன் தோழரே, நம்ம பக்கத்துல கூத்து இல்லையா, பெரிய மேளம் இல்லையா? அமெரிக்காக்காரன் சங்கீதத்தைப் பத்தி நாம ஏன் பேசணும்?"

நியாயமான கேள்வி. தோழர்களே, அமெரிக்கா ஒன்றல்ல, இரண்டு. குண்டு போடும் அமெரிக்கா ஒன்று. பருத்தி பொறுக்கிய அமெரிக்கா மற்றொன்று. ஜாஸ் இந்த இரண்டாவது அமெரிக்காவில் பிறந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைச் சங்கிலியில் பிணைத்துக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய், பருத்திக் காட்டிலும் கரும்புக் காட்டிலும் வேலை வாங்கினார்கள். 1865-ம் வருஷம் வரை அங்கே அடிமை முறை சட்டப்படி நடந்தது. அந்த அடிமைகள் வேலை செய்யும்போது பாடினார்கள். ஒருவர் முதலடியைப் பாடுவார், மற்றவர்கள் பதில் அடியைப் பாடுவார்கள். நமது நடவு வயலில் நடப்பது போலத்தான். நியூ ஆர்லியன்ஸ் என்ற துறைமுக நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மைதானத்தில் கூடி மேளம் அடிக்க அவர்களை அனுமதித்தார்கள். அந்த நகரத்திலேயே சாவு ஊர்வலத்துக்குப் பித்தளை வாத்தியக் குழு போகும். சவம் போகும்போது நிதானமாக வாசிக்கும். அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆட்டம் போடும்படி வாசிக்கும். சாவுக்கு மேளம் அடித்தவர்களின் வாரிசுகளே ஜாஸைப் படைத்தார்கள். இதைக் கேட்ட பிறகும் அது நமக்கு அந்நியம் என்று சொல்ல முடியுமா?

ஜாஸ் உலகத்தின் மிகப் பெரிய பெயர் லூயி ஆம்ஸ்ட்ராங். 1901-ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். சிறுவயதில் கரி வண்டியில் கரி விற்றவர். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்க ஆட்சியாளர்கள் இந்த இசையையே தங்கள் பெருமைக்கு விளம்பரமாக்கி வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். 1958-ல் டேவ் பிரூபெக் குழுவினர் இந்தியாவுக்கு வந்ததும் அந்த ஏற்பாட்டில்தான். ஆனால் அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1957-ல், ஆம்ஸ்ட்ராங் என்ன செய்தார் தெரியுமா? லிட்டில் ராக் என்ற ஊரில் கறுப்பினப் பிள்ளைகள் 9 பேரைப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைய விடாமல் துப்பாக்கி ஏந்திய படையை நிறுத்தினார்கள். சர்க்கார் செலவில் சோவியத் நாட்டுக்குப் போய் வாசிக்க இருந்த ஆம்ஸ்ட்ராங், 'என் மக்களை இப்படி நடத்தும் சர்க்காருக்காக நான் போக மாட்டேன்' என்று மறுத்துவிட்டார். வாசிக்க மறுத்தார் என்பதைக் கவனியுங்கள். இந்தச் சொல்லுக்குப் பிறகு மீண்டும் வருகிறேன்.

தெரிந்த மெட்டு, புதிய வழி

ஜாஸ் என்றால் என்ன? தெரிந்த ஒரு பழைய மெட்டை எடுத்துக்கொண்டு, நாலைந்து பேர் கூடி, அந்த நேரத்தில் தோன்றுவதை வாசித்துப் புதிதாக ஆக்குவது அதன் உயிர். எழுதி வைத்ததைப் பார்த்து வாசிப்பது மட்டுமல்ல.

இது நமக்குப் புதிதா? தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்ன செய்கிறான்? கதை மகாபாரதம், அது ஊருக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு ரேஷன் கடையில் நடந்ததை அன்று ராத்திரியே துரியோதனன் சபையில் நுழைத்து விடுகிறான். முகவீணைக்காரரும் மத்தளக்காரரும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடி மாற்றுகிறார்கள். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நாகசுரத்தில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை எடுத்தால் ராத்திரி முழுவதும் அதிலேயே புதிது புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டு போவார் என்று கேட்டவர்கள் சொல்வார்கள். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் அந்தக் காலத்தில் பெரிய வித்துவான்களையே நிமிர்ந்து உட்கார வைத்தது. தோடி பழையது. அன்று அவர்கள் போன வழி புதியது.

சிலர் நினைக்கிறார்கள்: 'கற்பனை என்றால் அவனவன் இஷ்டத்துக்கு வாசிப்பது' என்று. அது தவறு. இஷ்டத்துக்கு வாசித்தால் சந்தை இரைச்சல்தான் மிஞ்சும். கூடி வாசிக்கிறவனுக்கு மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. ஒன்று, மெட்டும் தாளமும் நரம்பில் ஊறியிருக்க வேண்டும். இரண்டு, தன் வாத்தியத்தைவிடப் பக்கத்து வாத்தியத்தை அதிகமாகக் கேட்க வேண்டும். மூன்று, மற்றவன் எடுக்கும்போது தான் தாங்கிப் பிடிக்க வேண்டும். தன் முறை வரும்போது தயங்காமல் எடுக்க வேண்டும்.

சார்லி பார்க்கர் என்ற சாக்சபோன் கலைஞர் இருந்தார். 1920-ல் பிறந்தவர். பதினாறு வயதில் பெரிய கலைஞர்களோடு வாசிக்கப் போய், வழி தவறி நின்றார். தாளக்காரர் தமது வெண்கலத் தட்டைக் கழற்றி அவர் காலடியில் வீசி, 'இறங்கு' என்று சொல்லாமல் சொன்னார் என்பது இசைக்காரர்கள் நடுவே இன்றும் வழங்கும் கதை. பையன் அழுதுகொண்டு வீட்டோடு இருந்துவிடவில்லை. மூன்று நான்கு வருஷம் நாளொன்றுக்கு 11 மணி முதல் 15 மணி நேரம் வரை சாதகம் செய்ததாக அவரே பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். ஓர் ஆலைத் தொழிலாளியின் இரண்டு ஷிப்டு! மேடையில் ஒரு நொடியில் பிறப்பதாகத் தோன்றும் கற்பனைக்குப் பின்னால் இத்தனை உழைப்பு இருக்கிறது.

1945 நவம்பர் 26

இனி அந்தப் பார்க்கர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்த கதைக்கு வருவோம். இடம் நியூயார்க். நாள் 1945 நவம்பர் 26. சவாய் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பதிவு. பார்க்கருக்கு அப்போது 25 வயது. டிரம்பட் வாசித்த டிஸ்ஸி கில்லெஸ்பிக்கு 28. அவர் ஒரு கொத்தனாரின் மகன். டிரம் வாசித்த மாக்ஸ் ரோச்சுக்கு 21.

'செரோக்கி' என்று ஒரு பாட்டு. 1938-ல் ரே நோபிள் என்ற ஆங்கிலேயர் அமைத்தது. ஊரெல்லாம் தெரிந்த பாட்டு. பார்க்கர் பல வருஷம் உருட்டி உருட்டிப் பழகிய பாட்டு. அன்று இவர்கள் அதன் மேல்தான் கற்பனை வாசிக்கப் போகிறார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். மேல்நாட்டுப் பாட்டுக்கு இரண்டு உறுப்புகள். மேலே ஓடுவது மெட்டு. அடியில் நிற்பது சுரக்கூட்டு. ஆர்மோனியத்தில் மூன்று கட்டைகளை ஒன்றாக அமுக்கிப் பாருங்கள், அதுதான் சுரக்கூட்டு. மெட்டு நகர நகர இந்தச் சுரக்கூட்டும் ஓர் ஒழுங்கில் மாறிக்கொண்டே போகும். வீடு கட்டுவதற்கு அஸ்திவாரம் போல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாஸ் கலைஞர்கள் மேலே இருக்கும் வீட்டை இடித்துவிட்டு, அதே அஸ்திவாரத்தின் மேல் வேறு வீடு கட்டுவார்கள்.

பதிவு ஆரம்பமாயிற்று. டிரம்பட்டும் சாக்சபோனும் முதலில் சேர்ந்து 8 அளவு வாசித்தன. பிறகு டிரம்பட் தனியாக 8. பிறகு சாக்சபோன் தனியாக 8. மறுபடி இரண்டும் சேர்ந்து 8. மொத்தம் 32. அந்த முகப்பு முடிந்ததும் பழக்க தோஷத்தில் 'செரோக்கி' மெட்டையே எடுத்துவிட்டார்கள். உடனே சீழ்க்கை, கைதட்டல்! 'நிறுத்து, நிறுத்து!' வாசிப்பு நின்றது. அந்த அரைகுறைப் பதிவு இன்றும் இருக்கிறது, யாரும் கேட்கலாம்.

ஏன் நிறுத்தினார்கள்? சுருதி தப்பவில்லை, தாளமும் தப்பவில்லை. ஆனால் அந்த மெட்டு ஒருவருக்குச் சொத்து. அதை வாசித்துத் தட்டுப் போட்டால் உரிமைக்காரருக்கு ராயல்டி கட்ட வேண்டும். அஸ்திவாரமாகிய சுரக்கூட்டுக்கு அப்படி உரிமை கொண்டாட முடியாது. ஆகவே மெட்டை விட்டுவிட்டு, அஸ்திவாரத்தின் மேல் நேராகக் கற்பனைக்குப் போனார்கள். 64 அளவுள்ள அந்தச் சுற்றைப் பார்க்கர் இரண்டு முறை வாசித்தார். ஒரு வரியைக்கூட எழுதி வைத்துக்கொள்ளவில்லை. மின்னல் வேகம். பிறகு ரோச்சின் டிரம். பிறகு பழைய முகப்பு. மூன்று நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்தது. தட்டின் பெயர் 'கோ-கோ'. இசை வரலாற்றில் ஒரு புதிய சகாப்தம் அதிலிருந்து தொடங்கியது என்று இன்று எழுதுகிறார்கள்.

தோழர்களே, இதில் உள்ள பொருளாதாரத்தைக் கவனித்தீர்களா? மெட்டுக்கு உடைமைக்காரன் உண்டு. பதிவான தட்டுக்கும் உடைமைக்காரன் உண்டு, அது கம்பெனி. ஆனால் அந்த மூன்று நிமிஷத்தில் தங்கள் மூச்சையும் கையையும் கொடுத்துப் புதிதாக ஒன்றை உண்டாக்கினார்களே, அவர்களுடைய உழைப்பு? அதற்கு அன்றைய கூலியோடு சரி. நெசவாளியின் சேலையைப் போல், தறியை விட்டு இறங்கியதும் அது இன்னொருவன் சரக்கு. பெஸ்ஸி ஸ்மித் என்ற மாபெரும் கறுப்பினப் பாடகியின் தட்டுக்கள் 1920-களில் லட்சக்கணக்கில் விற்றன. தட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கொடுத்தார்கள். விற்பனையில் பங்கு கொடுக்கவில்லை. கம்பெனி கொழுத்தது.

27 மாதம் பதிவு இல்லை

அப்படியானால் கலைஞர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்களா? இல்லை. 'கோ-கோ' பதிவாவதற்கு ஒரு வருஷம் முன்பு முடிந்த மாபெரும் வேலைநிறுத்தம் ஒன்று உண்டு.

1920-களின் கடைசியில் பேசும் படம் வந்தது. அதுவரை ஊமைப் படத்துக்குக் கொட்டகையில் உட்கார்ந்து வாசித்த ஆயிரக்கணக்கான இசைத் தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள். பிறகு காசு போட்டால் பாடும் பெட்டி வந்தது. ஓட்டல்காரன் குழுவை நீக்கிவிட்டுப் பெட்டியை வைத்தான். அந்தப் பெட்டிக்குள் சுழல்வது யாருடைய வாசிப்பு? வேலை இழந்த அந்தத் தொழிலாளிகளின் வாசிப்புத்தான்! தான் செய்த தட்டே தன் வேலையைப் பறித்தது. இயந்திரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி என்று நாம் ஆலையில் பேசுகிறோமே, அதே கேள்வி.

1942 ஆகஸ்ட் 1-ந் தேதி அமெரிக்க இசைக்கலைஞர் சம்மேளனம், தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோவின் கீழ், 'இனி எந்தக் கம்பெனிக்கும் தட்டுக்காக வாசிக்க மாட்டோம்' என்று அறிவித்தது. கச்சேரி நடந்தது, ரேடியோவில் வாசித்தார்கள். தட்டு மட்டும் இல்லை. பத்திரிகைகள் திட்டின. யுத்த காலத்தில் இப்படிச் செய்யலாமா என்றார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே 1944 அக்டோபரில் வேண்டுகோள் விடுத்தார். சங்கம் அசையவில்லை. 1943 செப்டம்பரில் டெக்கா கம்பெனி பணிந்தது. பெரிய முதலைகளான விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை இழுத்துப் பிடித்துவிட்டுப் பணிந்தன. 27 மாதம்! விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தொகையைச் சங்கத்தின் நிதிக்குக் கொடுக்கக் கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. அந்த நிதியைக் கொண்டு, வேலையில்லாத கலைஞர்களுக்குக் கூலி கொடுத்து, பொதுமக்களுக்கு இலவசக் கச்சேரி நடத்தினார்கள்.

இந்தப் போராட்டத்தில் நாம் மறக்கக் கூடாத பாடங்கள் இரண்டு.

முதல் பாடம்: பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை. கம்பெனிகள் என்ன செய்தன? வாத்தியமே இல்லாமல், பாடகரையும் கோரசையும் மட்டும் வைத்துத் தட்டுப் போட்டு விற்றன. பாடுகிறவன் வேறு, அடிக்கிறவன் வேறு என்று பிரிந்து நின்றால் முதலாளிக்கு இடைவெளி கிடைக்கும்.

இரண்டாம் பாடம்: அந்தச் சங்கத்துக்குள்ளேயே நிறத் தீண்டாமை இருந்தது. பல நகரங்களில் வெள்ளையர் கிளை தனி, கறுப்பர் கிளை தனி. நல்ல வேலையெல்லாம் வெள்ளையர் கிளைக்கே போகும். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் இரு நிறத்துக் கலைஞர்களும் சேர்ந்து பல வருஷம் போராடி, 1953-ல் இரண்டு கிளைகளையும் ஒன்றாக்கினார்கள். நியூயார்க்கில் ஹென்றி மின்டன் என்ற சாக்சபோன் கலைஞர், சங்கத்தின் 802-வது கிளையில் முதல் கறுப்பினப் பிரதிநிதி. கலைஞர்கள் வேலை முடிந்து நள்ளிரவில் கூடி வாசிக்க அவர் நடத்திய விடுதியில் இடம் கிடைத்தது. பார்க்கரும் கில்லெஸ்பியும் அங்கே வாசித்துத்தான் புதிய பாணியை வளர்த்தார்கள். அந்த இசைக்குத் தொட்டில் ஆட்டிய கை ஒரு சங்கக்காரரின் கை!

மேடையில் மற்றவர் வாத்தியத்தைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவர்கள், மேடைக்கு வெளியே மற்றவர் குறையையும் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். அதனால்தான் கூடி வாசித்தவர்களால் கூடி மறுக்கவும் முடிந்தது.

நம் நாட்டில்

நம் நாட்டுக் கதை மட்டும் வேறா? பம்பாயில் கோவாக்காரக் கலைஞர்கள் ஓட்டல்களில் ஜாஸ் வாசித்தார்கள். 'சிக் சாக்லேட்' என்று அழைக்கப்பட்ட டிரம்பட் கலைஞர் அவர்களில் ஒருவர். பகலில் இவர்கள் சினிமா ஒலிப்பதிவுக்குப் போனார்கள். 1951-ல் வந்த 'அல்பேலா' படத்தில் சி. ராமச்சந்திராவின் பாட்டுக்களில் துள்ளுகிறதே, அந்தத் துள்ளல் இந்த ஜாஸ்காரர்கள் கொண்டுவந்தது. பாட்டு நாடெங்கும் ஒலித்தது. வாசித்தவர்களில் பெரும்பாலோருடைய பெயர்கள் படத்தின் பெயர்ப் பட்டியலிலும் இல்லை, தட்டிலும் இல்லை.

சென்னையில் இந்த அநீதிக்கு எதிராக நின்றவர் நம்மவர், தோழர் எம்.பி. சீனிவாசன். மாணவப் பருவத்திலேயே கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு வந்தவர். 1960-ல் நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசை அமைத்தவர். இசையமைப்பாளராக இருந்தவர் நினைத்திருந்தால் தம் சம்பளத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் திரைப்பட இசைக்கலைஞர்களைச் சங்கமாகத் திரட்டுவதில் அவர் முன்னின்றார். பின்னாளில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உண்டாக்கி, நூற்றுக்கணக்கானவர்களை ஒரே குரலாகப் பாட வைத்தார். 1988-ல் மறைந்தார். சங்கம் கட்டிய கையும் சேர்ந்திசை நடத்திய கையும் ஒரே கை என்பது தற்செயலல்ல.

இன்னொருவர் பண்ணைபுரம் பாவலர் வரதராசன். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடியவர். ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டை எடுப்பார். அதில் அன்றைய அரசியலை வைத்துப் புதுச் சொல் போடுவார். நியூயார்க்கில் பழைய அஸ்திவாரத்தில் புது மெட்டு. மூணாறு மலையில் பழைய மெட்டில் புதுச் சொல். அவரோடு ஆர்மோனியம் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போன தம்பிதான் பின்னாளில் உலகம் அறிந்த இளையராஜா.

நம் ஊரில்

இனி நம் விஷயத்துக்கு வருவோம்.

கல்வராயன் மலையை மூன்று ஜாகீர்தார்கள் ஆண்டார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது 1947-ல். அந்த மலையில் ஜாகீர் ஆதிக்கம் ஒழிந்ததோ 1976-ல்! அதுவரை ஜாகீர்தாருக்கு மலை மக்கள் கூலியில்லாமல் உழைத்தார்கள். கீழே சமவெளியில் பறையடிக்கும் தோழர்களின் நிலை என்ன? திருவிழாவுக்கு மேளம் வேண்டும், சாவுக்கு மேளம் வேண்டும். ஆனால் அடித்தவன் தள்ளி நிற்க வேண்டும். கூலி கேட்டால், 'உன் கடமைதானே' என்ற பேச்சு. கடமை என்று பெயர் வைத்துவிட்டால் கூலி கொடுக்க வேண்டாம் அல்லவா?

'இனிமேல் இழிவாக நடத்துகிறவன் வீட்டுச் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம்' என்று தமிழ்நாட்டில் பல ஊர்களில் தோழர்கள் எழுந்து நின்றார்கள். அடி வாங்கினார்கள், ஊர்க்கட்டுப்பாட்டை அனுபவித்தார்கள், ஆனாலும் நின்றார்கள். 1942-ல் அமெரிக்கக் கலைஞர்கள் எடுத்த ஆயுதம் அதேதான். ஆம்ஸ்ட்ராங் 1957-ல் எடுத்ததும் அதுதான். வாசிக்கத் தெரிந்தவனிடம்தான் வாசிக்க மறுக்கும் ஆயுதம் இருக்கிறது. அதைத் தனியாக எடுத்தால் பட்டினி. கூட்டாக எடுத்தால் பேரம்!

இப்போது அந்தப் பாடும் பெட்டியின் இடத்துக்குக் கைப்பேசி வந்திருக்கிறது. திருவிழாவில் யாரோ வந்து படம் பிடிக்கிறார்கள். ராத்திரியே யூடியூபில் ஏற்றுகிறார்கள். பல்லாயிரம் பேர் பார்க்கிறார்கள். விளம்பரக் காசு ஏற்றியவனுக்கு. அடித்தவன் பெயர் 'கிராமத்து மேளம்'!

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் செய்த திருத்தம், பாடுகிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் 'நிகழ்த்துவோர் உரிமை' என்று ஓர் உரிமையைக் கொடுத்தது. அனுமதியில்லாமல் பதிவு செய்யக் கூடாது. 2012-ல் செய்த திருத்தம், அந்தப் பதிவை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் நிகழ்த்தியவருக்கு ராயல்டி உண்டு என்றது. நல்ல சட்டம். ஆனால் சட்டம் தானாக நடந்து நம் வீட்டு வாசலுக்கு வராது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தானாக வந்ததா? சங்கம் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தது.

ஆகவே, ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போகுமுன் இந்த முகாம் தீர்மானிக்க வேண்டியவை என்று ஐந்து விஷயங்களை உங்கள் முன் வைக்கிறேன். விவாதியுங்கள், திருத்துங்கள், ஆனால் முடிவு செய்யாமல் கலையாதீர்கள்.

முதலாவது, பெயர். பாடியவர், பறை அடித்தவர், தவில் அடித்தவர், கோரஸ் பாடிய தாய்மார்கள், எல்லாருடைய பெயரும் வர வேண்டும். 'மற்றும் குழுவினர்' என்ற வார்த்தை வேண்டாம்.

இரண்டாவது, பணம். எல்லாருக்கும் சமபங்கு. 'பாட்டு ஒசத்தி, மேளம் மட்டம்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? ஜாதி வகுத்த படிக்கட்டிலிருந்து வந்தது. பறை நின்றால் பாட்டு எங்கே நிற்கும் என்று ஒரு தடவை பாடிப் பாருங்கள், தெரியும்.

மூன்றாவது, நடவுப் பாட்டும் மலைப் பாட்டும். அவற்றை எழுதினவர் ஒருவர் அல்ல. எத்தனையோ தலைமுறை தாய்மார்கள் வயலிலும் காட்டிலும் கட்டியவை. எந்த ஊரில் கேட்டோமோ அந்த ஊராரிடம் போய்ச் சொல்லி, சம்மதம் பெற்று, ஊர் பெயரையும் போட வேண்டும். கம்பெனி நமக்குச் செய்வதை நாம் மலை மக்களுக்குச் செய்யக் கூடாது.

நான்காவது, காகிதம். படித்துப் பார்க்காமல் யாரும் தனியாகக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கக் கூடாது. குழுவில் உரக்கப் படித்து, எல்லாருக்கும் புரிந்த பிறகு எல்லாரும் சேர்ந்து வைக்க வேண்டும்.

ஐந்தாவது, நமது பக்கத்துக் கூத்துக் கலைஞர்கள், மேளக் கலைஞர்கள் அனைவரையும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்ய வைக்க வேண்டும். அடையாள அட்டை இல்லாமல் எத்தனையோ பெரியவர்கள் இருக்கிறார்கள். சங்க ஆபீசில் வாரம் ஒரு நாள் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க நான் உட்காருகிறேன். படித்த இளைஞர்கள் இரண்டு பேர் கூட வந்தால் போதும்.

கடைசியாக ஒரு வார்த்தை. கூடத்துக்குள் போனதும் காதில் ஹெட்போன் மாட்டுவார்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு 'மறுபடி, மறுபடி' என்பார்கள். பயப்படாதீர்கள். தாளத்தைப் பிடியுங்கள். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள். நடவுப் பாட்டில் மூன்றாவது சுற்றில் நம் அம்மாமார்கள் வழக்கமாக ஒரு புதிய அடி போடுவார்களே, அதை அங்கேயும் போடுங்கள். மேளக்காரத் தோழர்கள் அதைத் தாங்குங்கள். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்க நாம் போகவில்லை.

1960-ல் அதே மாக்ஸ் ரோச் 'விடுதலை இப்போதே' என்று முழங்கும் ஓர் இசைத் தொகுப்பை வெளியிட்டார். அந்த டிரம்மில் ஒலித்தது பருத்திக் காட்டு அடிமையின் கோபம். நமது பறையிலும் கோபம் உண்டு, சந்தோஷமும் உண்டு. அது ஊர் முழுவதும் கேட்கட்டும். அடித்தவர் பெயரோடு கேட்கட்டும்!

தீர்மானத்தை விவாதத்துக்கு விடுகிறேன். முதலில் மேளக்காரத் தோழர்கள் பேசட்டும்.